டாக்டருக்கு எதற்குக் கடைப் படிப்பு?

2025 ஜனவரி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஜனவரி எப்படி இருக்கும் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தாலும் முதுகு நனையும். ஆட்டுக்கறிக் குழம்புக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். என் நாத்தனார் மகள் பின்வாசல் வழியாக வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வழக்கமாக வந்ததும் சட்டியைத் திறந்து பார்ப்பாள். அன்று திறக்கவில்லை.

"மாமி, நான் எம்.பி.ஏ. சேரலாம்னு இருக்கேன்."

அவளுக்கு 'மாமி' மட்டும்தான் தமிழில் வரும், மற்றதெல்லாம் ஆங்கிலம். அவள் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

6 வருடம் மருத்துவம் படித்தாள். 2 வருடம் இன்டர்ன்ஷிப். பிறகு ஒரு வருடம் கட்டாய சமூக சேவை, ஸூலூலாந்துப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில். அதுவரை அரசாங்கம் இடம் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு காலியிடம் இருந்தால்தான் வேலை. டிசம்பர் 31-ஆம் தேதியோடு அவளுக்குச் சம்பளம் நின்றுபோனது. அந்த ஜனவரியில் தென்னாப்பிரிக்கா முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் டாக்டர்கள் அவளைப் போலவே வேலையில்லாமல் நின்றார்கள். அதே மாதம் அரசு மருத்துவமனைகளில் டாக்டர் பற்றாக்குறையால் நோயாளிகள் விடியற்காலையிலிருந்து காத்துக்கிடந்தார்கள். இரண்டும் ஒரே நாட்டில்தான் நடந்தது.

போனைத் திறந்து காட்டினாள். ஆன்லைன் எம்.பி.ஏ., பேங்க் லோன், மாதத் தவணை எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். "டாக்டர், அதோட எம்.பி.ஏ.ன்னா எங்கேயாவது எடுத்துப்பாங்க இல்ல, மாமி? நீங்களும் படிச்சீங்கதானே?"

படித்தேன். அதனால்தான் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்குக் குழம்பு கொதிக்கிற நேரத்துக்குள் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அவளைப் போலக் கேட்கிற பிள்ளைகள் நம் வீடுகளில் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நான் மதுரைக்காரி. மதுரை மருத்துவக் கல்லூரியில் படித்து, கல்யாணமாகி 1996-ல் டர்பன் வந்தேன். இங்கே மருத்துவக் கவுன்சில் பரீட்சை எழுதி அரசு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து, பதினோரு வருடம் கழித்து, 2007-ல், பகுதிநேர எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்டேன். அப்போது மாமியார் உயிரோடு இருந்தார். கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா பாட்டி கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர்கள். அவர் பேசும் தமிழில் நூறு வருடத்துக்கு முந்தைய வட ஆற்காடு அப்படியே இருந்தது. நான் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னம்மா படிப்பு இது?" என்று கேட்டார். வியாபாரம், நிர்வாகம் பற்றிய படிப்பு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டாக்டருக்கு எதுக்கு கடைப் படிப்பு?" என்றார்.

அவருக்கு அந்தச் சந்தேகம் வந்ததில் நியாயம் இருந்தது. இந்த ஊரில் டாக்டர் என்றால் அவர் தலைமுறைக்கு நினைவு வருகிறவர்கள் குணம் டாக்டரும் மாண்டி நாயக்கரும். குணம் 1906-ல் இங்கேயே பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பி, இந்த ஊரிலேயே மருத்துவம் பார்த்தவர். 1946 சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனவர். நாயக்கரும் எடின்பரோவில் படித்தவர், நேட்டால் இந்தியக் காங்கிரஸின் தலைவர். 1947 மார்ச் 9-ஆம் தேதி ஆப்பிரிக்கர்களின் தலைவர் சூமா, இந்தியர்களின் தலைவர்கள் தாதூ, நாயக்கர் ஆகிய மூன்று டாக்டர்களும் சேர்ந்து போராடுவதென்று போட்ட உடன்படிக்கைக்கு 'டாக்டர்கள் ஒப்பந்தம்' என்றே பெயர் வந்துவிட்டது. அப்படிப்பட்டவர்களைப் பார்த்து வளர்ந்த மாமியாருக்கு, டாக்டர் ஒருத்தி லாப நஷ்டம் படிக்கப் போவது கீழே இறங்குவது போலத்தான் தெரியும். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது.

ஆனாலும் போனேன். காரணம் ஒரு வரிசை.

நான் வேலை பார்த்த மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவு காலை 7 மணிக்குத் திறக்கும். வரிசை 4 மணிக்கே ஆரம்பித்துவிடும். ஜூன், ஜூலை குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் டப்பாவில் ரொட்டியும் சோடா பாட்டிலில் டீயுமாக உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் சர்க்கரை வியாதிக்காரர்கள். என்னிடம் வந்து சேர்வதற்குள் மதியம் ஆகிவிடும். பசியில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தவர்களை நானே தூக்கியிருக்கிறேன். டாக்டர்கள் போதவில்லை என்பதுதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஒவ்வொரு கூட்டத்திலும் இன்னும் இரண்டு டாக்டர் வேண்டும் என்று கேட்பேன். பட்ஜெட் இல்லை என்பார்கள். நான் சத்தம் போடுவேன். அடுத்த மாதம் மறுபடியும் அதே கூட்டம். பதினோரு வருடம் ஒரே பதிலைக் கேட்டபிறகு, 'பட்ஜெட் இல்லை' என்றால் உண்மையில் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் இனிச் சத்தம் போடுவதில் பயனில்லை என்று பட்டது.

வகுப்பு குவாஸூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில். இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரியை 1961-ல் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில் தொடங்கி, பிறகு 1972-ல் இந்தக் குன்றுக்கு மாற்றினார்கள். என் கணவரின் அண்ணன் தீவுக்குப் படகில் போய்ப் படித்தவர். இப்போது எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஏறி இறங்கும் அந்தப் படிகளில் ஏறும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

முதல் வருடத்தில் மார்க்கெட்டிங், பொருளாதாரம், சட்டம் என்று என்னென்னவோ வந்தது. அவற்றைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகமில்லை. கற்றுக்கொண்டேன், பரீட்சை எழுதினேன், பெரும்பாலும் மறந்துவிட்டேன். என்னை மாற்றியவை இரண்டு பாடங்கள்தான்.

முதலாவது கணக்கு. அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், பிப்ரவரியில் கையுறை தீர்ந்துவிடும், ஊசி தீர்ந்துவிடும், வேலைக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். ஏதோ திருட்டு நடக்கிறது என்றே நான் நினைத்திருந்தேன். இங்கே அரசின் நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. கடைசி மாதங்களில் பணம் தீர்ந்ததும் சப்ளையர்களின் பில்கள் கட்டப்படாமல் நிற்கும். ஏப்ரலில் புதுப் பணம் வந்தவுடன் முதல் வேலையாகப் போன வருடத்து பில்களைக் கட்டுவார்கள். ஆக புது வருடம் பிறக்கும்போதே பட்ஜெட்டில் ஒரு துண்டு போய்விட்டிருக்கும். அதனால் அந்த வருடம் இன்னும் சீக்கிரம் தீரும், அடுத்த வருடத்துக்கு இன்னும் பெரிய கடன் போகும். இது வருடா வருடம் வளர்கிற பள்ளம். இதை எனக்கு விளங்க வைத்தது ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு மணி நேர வகுப்பு. அதற்குப் பிறகு கூட்டத்தில் இன்னும் இரண்டு டாக்டர் வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, போன வருட பாக்கி எவ்வளவு, அதில் நம் பிரிவின் பங்கு எவ்வளவு என்று கேட்டேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக நிதி அதிகாரி தன் கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

கணக்கு வாசிப்பதைச் சின்ன விஷயமாக நினைப்பவர்களுக்கு பபிதா தேவ்கரண் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் டாக்டர் இல்லை. கௌட்டெங் மாகாண சுகாதாரத் துறையின் கணக்கு அதிகாரி. டெம்பிசா மருத்துவமனையின் பேரில் போன பட்டுவாடாக்களில் சுமார் 850 மில்லியன் ராண்ட் சந்தேகத்துக்குரியது என்று கண்டுபிடித்து, பணத்தை நிறுத்தச் சொன்னவர். 2021 ஆகஸ்ட் 23-ஆம் தேதி, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பியவரை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். வார்டில் மருந்து இல்லாமல் போவதற்கு எங்கேயோ ஒரு வவுச்சரில் போட்ட கையெழுத்து காரணமாக இருக்கலாம். அதை வாசிக்கத் தெரிந்தவர் நோயாளியைத் தொடாமலே அவரைக் காப்பாற்றுகிறார் என்று நான் நம்புகிறேன்.

இரண்டாவது பாடம் வரிசை பற்றியது. ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்றால், மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை ஒருவர் எத்தனை மணி நேரம் தங்குகிறார் என்பதால் பெருக்க வேண்டும். மணிக்கு 60 பேர் வந்து, ஒவ்வொருவரும் 5 மணி நேரம் இருந்தால் ஹாலில் 300 பேர். அவ்வளவுதான். ஆனால் அதைப் படித்ததும் எனக்கு ஒரு கேள்வி வந்தது. அந்த 5 மணி நேரம் எங்கே போகிறது?

ஒரு குரோக்ஸ்லி நோட்டு வாங்கினேன். பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற சாதாரண நோட்டு. பக்கத்தை ஐந்து கட்டமாகப் பிரித்தேன். வந்த நேரம், ஃபைல் கிடைத்த நேரம், டாக்டரிடம் உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், மருந்து வாங்கிய நேரம். மூன்று திங்கட்கிழமை லீவு போட்டு வரிசையோடு வரிசையாக நின்றேன். இன்னும் ஞாபகம் இருக்கிறது, முதல் நாள் ஆறாவது வரி. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா, காலில் ரப்பர் செருப்பு, மடியில் பேத்தி. வந்தது 4.20. ஃபைல் 8.50. டாக்டரிடம் 11.35. எழுந்தது 11.42. மருந்து 2.40.

பத்து மணி நேரத்துக்கும் மேலே காத்திருந்து டாக்டரிடம் இருந்தது 7 நிமிடம்.

அந்த 4.20-க்கும் 8.50-க்கும் நடுவில்தான் விஷயம் இருந்தது. ஃபைல் அறை. இரண்டே பேர், ஆயிரக்கணக்கான அட்டை ஃபைல்கள், நோயாளி வந்து நம்பர் சொன்ன பிறகுதான் தேட ஆரம்பிப்பார்கள். இன்னும் நான்கு டாக்டர்களைப் போட்டிருந்தாலும் அந்த நான்கு பேரும் ஃபைலுக்காகத்தான் காத்திருந்திருப்பார்கள். இத்தனை வருடம் நான் தவறான இடத்தில் சத்தம் போட்டிருக்கிறேன்.

ஃபைல் அறையில் இருந்த மூத்த குமாஸ்தா ஒரு ஸூலு அம்மா. அவரிடம் போய் நோட்டைக் காட்டினேன். மறுநாள் அப்பாயின்ட்மென்ட் இருப்பவர்களின் ஃபைலை முந்தின நாள் சாயங்காலமே எடுத்து, கிழமைக்கு ஒரு நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்தால் என்ன என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "டாக்டர், இதை நான் ஏழு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன். யார் கேட்டாங்க?" என்றார்.

இந்த இடத்தை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். எம்.பி.ஏ. எனக்குக் கொடுத்த யோசனை அவரிடம் ஏழு வருடமாக இருந்தது. அவருக்குக் கிடைக்காமல் எனக்குக் கிடைத்தது, அதை இரண்டு பக்கத்தில், ஒரு வரைபடத்தோடு, எவ்வளவு செலவு எவ்வளவு மிச்சம் என்று மேலே இருப்பவர்கள் வாசிக்கிற மாதிரி எழுதத் தெரிந்ததுதான். அந்த அறிக்கையில் முதல் பெயராக அவர் பெயரைப் போட்டேன். ஆறு மாதத்தில் 4 மணி வரிசை 6 மணி வரிசை ஆனது. சர்க்கரை, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்கள் மாத மருந்தை வீட்டுக்குப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்ற அரசுத் திட்டம் 2014-ல் வந்தபோது வரிசை இன்னும் சுருங்கியது. அது எங்கள் வேலை இல்லை. ஆனால் யார் யாரை அந்தத் திட்டத்தில் சேர்க்கலாம் என்ற பட்டியல் எங்களிடம் முன்பே தயாராக இருந்தது.

வகுப்பில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வருடம், பேராசிரியர் ஜெராக்ஸ் எடுத்த ஒரு கட்டு தாளைக் கொடுத்தார். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் 1993-லிருந்து நடத்தும் பாடம். முதல் வரியிலேயே மதுரை. அரவிந்த் கண் மருத்துவமனை! டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 58 வயதில், 1976-ல், அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு தொடங்கியது. முடக்குவாதத்தில் வளைந்துபோன விரல்களால் ஆயிரக்கணக்கான கண்களுக்கு ஆபரேஷன் செய்தவர். ஊருக்கு ஊர் ஒரே தரத்தில் பர்கர் கொடுக்க முடிகிறதென்றால் கண் சிகிச்சையை ஏன் கொடுக்க முடியாது என்று மெக்டொனால்ட்ஸைப் பார்த்துக் கேட்டவர். ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததில் அடுத்தவர் தயாராக இருப்பார். காசு கொடுப்பவர்களின் பணத்தில் கொடுக்க முடியாதவர்களுக்கு வைத்தியம்.

வகுப்பில் இருந்தவர்கள் அதை அதிசயமாகப் பேசினார்கள். எனக்கு அது அப்பத்தா. 1988-ல் நான் மாணவியாக இருந்தபோது, எங்கள் ஊரில் முகாம் போட்டு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தரையில் வரிசையாகப் பாய், ஒவ்வொரு பாயிலும் ஒரு கட்டுப் போட்ட கண். அப்பத்தா திரும்பி வரும்போது தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தாள். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் அப்போது வெளிநாட்டிலிருந்து வரும், ஏழைகளுக்கு எட்டாது. 1992-ல் அரவிந்தின் ஆரோலேப் தொழிற்சாலை மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கண்ணாடி போனது. அப்பத்தா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்தப் பெரிய டாக்டர் எம்.பி.ஏ. படித்தவர் இல்லை. அவரே எம்.பி.ஏ.வுக்குப் பாடமானார். அதைச் சொல்லி, பார், பட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் அவர் பக்கத்தில் துளசிராஜ் இருந்தார், கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் மேலாண்மை படித்தவர். கணக்கையும் அமைப்பையும் அவர் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால், ஒருவர் சொல்வதை மற்றவர் மதித்துக் கேட்டால், டாக்டர் தானே போய்ப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை என்றே நினைக்கிறேன். என்னைப் போன்றவர்களுக்கு அப்படி யாரும் இல்லை.

இதுவரை நல்லதையே சொன்னேன். நான் செய்த தவறையும் எழுதியாக வேண்டும்.

வரிசை குறைந்ததும் எனக்கு ஒரு வேகம் வந்தது. அடுத்தது டாக்டர் அறை. ஒரு நோயாளிக்கு 8 நிமிடம் என்று வைத்து, வாரா வாரம் சராசரியைச் சுவரில் ஒட்டினேன். எல்லோருக்கும் முன்னால் நான் இருக்க வேண்டும் என்று ஆசை. அந்த நாட்களில் ஒரு தாத்தா வந்தார். எப்போதும் மனைவியோடு வருபவர், அன்று தனியாக வந்தார். அவர் உட்கார்ந்ததும் நான் ஃபைலைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், இன்சுலின் அளவை ஏற்றி எழுதிக் கொடுத்தேன். போகும்போது கதவருகில் ஒரு நிமிடம் நின்றார். அதற்குள் நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஆம்புலன்ஸில் வந்தார். இங்கே அளக்கிற கணக்கில் சர்க்கரை 31. மி.கி. கணக்கில் 550-க்கும் மேலே. நர்ஸ் உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, மனைவி இறந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்சுலின் ஊசி தினமும் அந்த அம்மாதான் போட்டுவிடுவாராம். அவர் போன பிறகு இவர் போட்டுக்கொள்ளவே இல்லை. போடாத மருந்தின் அளவைத்தான் நான் ஏற்றி எழுதியிருக்கிறேன்.

அவர் பிழைத்தார். மறுநாளே சுவரில் ஒட்டிய தாளைக் கிழித்தேன். ஃபைல் அறையில் போகும் நேரமும் டாக்டர் முன்னால் போகும் நேரமும் ஒன்றில்லை என்று எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை. மருத்துவம் படித்த எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

நிர்வாகப் படிப்பில் இருக்கும் ஆபத்து இதுதான். எண்ணிப் பார்க்க முடிகிறவை கண்ணுக்கு முன்னால் பெரிதாக நிற்கும். இதைவிடப் பல மடங்கு கொடுமையாக, பபிதா வேலை பார்த்த அதே கௌட்டெங் மாகாணத்தில், 2016-ல் நடந்தது. லைஃப் எஸிடிமெனி என்ற இடத்தில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநல நோயாளிகளை, செலவு அதிகம் என்று சொல்லி, தகுதியில்லாத தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றினார்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 320 ராண்ட் ஆன இடத்தில் 112 ராண்ட். 144 பேர் இறந்துபோனார்கள், பசியில், தாகத்தில், குளிரில், மருந்தில்லாமல். அதை முதலில் விசாரித்து 2017-ல் அறிக்கை கொடுத்த ஹெல்த் ஆம்பட்ஸ்மன் (சுகாதாரத் துறை மீதான புகார்களை விசாரிப்பவர்) மலெகாபுரு மக்கோபா ஒரு டாக்டர், நான் படித்த பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். ஆனால் அந்த மாற்றம் நடந்தபோது துறையின் தலைமை அதிகாரியும் ஒரு டாக்டர்தான். அதனால், டாக்டர் தலைமையில் இருந்தால் போதும், எல்லாம் நன்றாக நடக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளை வைத்து அமண்டா குடால் 2011-ல் செய்த ஆய்வில், டாக்டர்கள் தலைமை வகிக்கும் இடங்களில் தர மதிப்பெண் சுமார் 25 சதவீதம் அதிகமாக இருந்தது. நல்ல சேதிதான். ஆனால் டாக்டரால்தான் அந்த மருத்துவமனை நன்றாக ஆனதா, நன்றாக இருக்கும் மருத்துவமனை டாக்டரைத் தலைவராக்கிக்கொள்கிறதா என்பது அந்த எண்ணில் தெரியாது.

சரி, காசு விஷயம். படித்தால் சம்பளம் கூடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அரசு வேலையில் டாக்டர் சம்பளம் பதவியையும் அனுபவத்தையும் பொறுத்தது. ஸ்பெஷலிஸ்ட் ஆனால் ஏறும். எம்.பி.ஏ.வுக்கு என்று தனியாக ஒன்றும் கிடையாது, எனக்கு ஒரு ராண்ட் கூடவில்லை. மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனிகளும் தனியார் மருத்துவமனைக் குழுமங்களும் டாக்டர்களை ஆலோசகராகவும் மேலாளராகவும் எடுக்கின்றன, அங்கே பட்டத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அங்கும் அவர்கள் பார்ப்பது வருடக்கணக்கில் நோயாளி பார்த்த டாக்டரை. படிப்புக்குச் சில லட்சம் ராண்ட் ஆகும். எனக்குப் போன சனிக்கிழமைகளின் கணக்கை என் பையனிடம்தான் கேட்க வேண்டும்; அவன் அப்போது ஆறாம் வகுப்பு, அவன் கிரிக்கெட் ஆடியதை நான் பார்த்தது மொத்தம் இரண்டு முறை.

தெருமுனையில் சொந்தமாக சர்ஜரி, அதாவது கிளினிக், நடத்தும் டாக்டர்களுக்கு இவ்வளவும் தேவையா? எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர், முப்பது வருடமாக ஒரே தெருவில், பார்த்து மருந்தும் சேர்த்துக் கொடுக்க ஒரே கட்டணம் வாங்குபவர். 2021 ஜூலை கலவரத்தில் அவர் இடத்தை உடைத்து, தடுப்பூசி வைத்த ஃபிரிட்ஜிலிருந்து நோயாளிகள் உட்காரும் பெஞ்சு வரை கொண்டு போய்விட்டார்கள். இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று தைரியமாக இருந்தார். கலவர நஷ்டத்தைச் சாதாரண பாலிசி தராது. அதற்கு அரசின் சஸ்ரியா காப்பீட்டைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும், பிரீமியமும் அதிகமில்லை. "புரோக்கர் பாத்துப்பாருன்னு விட்டுட்டேன்மா" என்றார். அறுபத்தெட்டு வயதில் கடன் வாங்கிப் புதிதாக ஆரம்பித்தார். அவருக்கு எம்.பி.ஏ. தேவைப்படவில்லை. ஒரு நல்ல ஆடிட்டரும், பாலிசியை முழுக்க வாசிக்க ஒரு சாயங்காலமும் போதுமாக இருந்திருக்கும்.

ஆனால் அவரைப் போன்றவர்களுக்கும் காலம் மாறுகிறது. 2024 மே 15-ஆம் தேதி ஜனாதிபதி ரமபோசா தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதை எதிர்த்து வழக்குகள் போட்டிருக்கிறார்கள். சட்டத்தில் எழுதியிருப்பது நடந்தால் தெரு டாக்டருக்குப் பணம் வருகைக்கு இவ்வளவு என்று வராது, பதிந்த ஆளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று வரும். பதிந்தவர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை பேர் வயதானவர்கள் என்று தெரியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் மூழ்கிவிடுவார்கள். இதற்குக் கொஞ்சம் படித்துத்தான் ஆக வேண்டும். அது இரண்டு வருடப் பட்டமாக இருக்க வேண்டியதில்லை. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் டாம்போ பெயரில் சுகாதார நிர்வாக டிப்ளமோ இருக்கிறது, வேலையில் இருப்பவர்களுக்காகவே வைத்தது. பொதுச் சுகாதாரத்தில் மனம் இருந்தால் அதையே ஸ்பெஷாலிட்டியாக எடுக்கலாம்.

அன்றைக்குக் குழம்பை இறக்கி வைத்துவிட்டு அவளிடம் கேட்டேன். "எந்த வரிசை உன்னைத் தூங்க விடல?"

புரியாமல் பார்த்தாள். என் கதையைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. "மாமி, எனக்கு வேலையே இல்ல. வரிசைக்கு எங்க போவேன்?" நியாயமான கோபம். 9 வருடம் படித்த பிள்ளையைச் சும்மா உட்கார வைத்திருக்கும் நாடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. நான் அவளிடம் சொன்னது இவ்வளவுதான். லோன் போடாதே. பெரும்பாலான எம்.பி.ஏ.க்கள் மூன்று வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும் என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. பதில் கிடைக்காத ஒரு கேள்வியோடு நீ அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தால் அங்கே சொல்வது ஒவ்வொன்றும் உனக்கு உதவும். வேலை கிடைக்காத துக்கத்தோடு மட்டும் போனால் இன்னொரு சர்டிஃபிகேட்டும் மாதத் தவணையும்தான் மிஞ்சும். கேள்வி வந்த பிறகு நீ போ, ஃபீஸில் பாதியை நான் கட்டுகிறேன்.

சாப்பிட்டுவிட்டுப் போனாள். ஒத்துக்கொண்டாளா இல்லையா என்று தெரியவில்லை. ஏப்ரலில் சுகாதார அமைச்சர் 1,200 டாக்டர்களை எடுக்கப்போவதாக அறிவித்தார். அந்தப் பட்டியலில் அவள் வரவில்லை. ஒரு கிளினிக்கில் வாரம் மூன்று நாள் பகரமாக வேலை கிடைத்தது, விடுப்பில் போன டாக்டரின் இடத்தில்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கோடு போட்ட நோட்டுப் பக்கம், ஐந்து கட்டம், அவளுடைய கோழிக்கிறுக்கல் கையெழுத்து. இருபத்திரண்டு வரி. ஒவ்வொரு வரியிலும் ஐந்து நேரம். பெரிதாக்கிப் பார்த்தேன். பதினேழாவது வரியில் கடைசிக் கட்டம், மருந்து வாங்கிய நேரம், காலியாக இருந்தது.

"இது ஏன் எழுதல?" என்று கேட்டேன்.

"அந்த அம்மா மருந்து வாங்காமலே போயிட்டாங்க, மாமி. மூணு மணி பஸ்ஸை விட்டா வீட்டுக்கு வேற பஸ் இல்லையாம்."

கொஞ்ச நேரம் 'டைப்பிங்' என்று காட்டிக்கொண்டே இருந்தது.

"இன்னும் எத்தனை பேர் இப்படிப் போறாங்கன்னு நாளைக்கு எண்ணப் போறேன்."